மரக் கேமரா சேகரிக்கும் மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு

அன்பு நண்பர்களே,



மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு பழைய மரக் கேமராக்களைத் தேடிச் சேர்த்துவரும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் முகத்தால் அறிந்தவர்கள். வெள்ளிக்கிழமை காலையில் சோர் பஜாரின் மட்டன் தெருவில், தரையில் விரித்த சாக்குகளின் முன் குனிந்து நிற்கும்போது எதிரெதிரே பார்த்துத் தலையசைத்திருக்கிறோம். ஒருவருக்குக் கிடைத்த லென்ஸுக்கு இன்னொருவர் மூடி தேடிக் கொடுத்ததும் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டுடியோவிலிருந்து கேமராவை மட்டும் விலைபேசி எடுத்துவரும் வழக்கத்தை நாம் விட வேண்டும். அந்தக் கேமரா எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள், ஸ்டுடியோவின் பதிவு நோட்டு, கேமராவைக் கையாண்டவரின் பெயர், அது நின்ற கடையின் முகவரி இவை எல்லாம் கூட வந்தால்தான் அது சேகரிப்பு. இவை இல்லாமல் வருவது பித்தளை பதித்த மரச்சாமான், அவ்வளவுதான்.

இதை இப்போதே சொல்லியாக வேண்டிய அவசரம் இருக்கிறது. தாராவியில் மறுசீரமைப்புக்காக 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களும் செம்பூரின் சொசைட்டிக் கட்டடங்களும் ஒவ்வொன்றாக இடிபட்டு, அந்த இடத்தில் கோபுரங்கள் எழுகின்றன. இடம் மாறும் குடும்பம் முதலில் காலிசெய்வது பரணைத்தான். மரக் கேமரா கிடப்பதும் அந்தப் பரணில்தான். கேமராவைக் கேட்டு வாங்க நாம் இருக்கிறோம். அதன் பக்கத்திலேயே இருக்கும் பிளேட் பெட்டியைக் கேட்க யாரும் இல்லை. அது பழைய சாமான் வாங்கும் பங்கார்க்காரரின் கைவண்டியில் ஏறிவிடுகிறது.

இந்த ஊருக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1853இல். அடுத்த ஆண்டே, 1854இல், பம்பாயில் ஒரு புகைப்படச் சங்கம் பிறந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதலாவது. டாக்டர் பாவு தாஜி லாட், அவருடைய தம்பி நாராயண் தாஜி ஆகியோர் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள். 1855இல் எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் புகைப்பட வகுப்பே நடந்தது. பைகுல்லாவில் நாம் பார்க்கும் அருங்காட்சியகம் இன்று பாவு தாஜியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1856இல் சென்னையிலும் ஒரு புகைப்படச் சங்கம் உருவானது. சென்னைக் கலைப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கு முன்நின்றார்.

அடுத்து நடந்தது நம் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்குப் பெரிய கேமராவோடு போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். அந்தப் படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. காரணம், எந்தக் கோயில், எந்தப் பக்கம், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்ற குறிப்பு படத்தோடு இருக்கிறது. டிரைப் கையில் இருந்த பெட்டி எது என்று யாரும் கேட்பதில்லை. அவர் விட்டுச் சென்ற படமும் குறிப்பும்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. சேகரிப்பவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய பாடம் இது.

மரக் கேமரா நம் தெருக்களுக்கு வந்துசேர்ந்த கதைக்கு வேதியியலும் ஒரு காரணம். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரப் பிளேட் முறையில், கண்ணாடியில் கொலோடியன் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் அது நிமிடங்களில் காய்ந்துவிடும். இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்துகொண்டே அலைய வேண்டும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசும் உலர் பிளேட்டுக்கு வழிகாட்டினார். சில ஆண்டுகளில் பிளேட்டுகள் தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக வரத் தொடங்கின. வாங்கி வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது எடுக்கலாம், இரவில் கழுவலாம். கையில் கொஞ்சம் முதல் இருந்தால் ஒருவர் ஸ்டுடியோ வைத்துவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டும் கிடைத்துவந்த படம், தோல் பதனிடும் தொழிலாளிக்கும் ரயில்வே குமாஸ்தாவுக்கும் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

மும்பைத் தமிழர் வரலாறும் அந்தக் காலத்தில்தான் விரிகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் கிடங்குகளுக்கு வந்தவர்கள், டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்று மாட்டுங்காவில் அறை எடுத்தவர்கள், பின்னால் டிராம்பே அணுசக்தி நிலையத்துக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் வேலைக்கு வந்து செம்பூரில் குடியேறியவர்கள் எனப் பல அலைகள். எந்த அலையில் வந்தவரானாலும் ஸ்டுடியோவுக்கு ஒருமுறையாவது போயிருப்பார். ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்ப ஒரு படம், பெண் வீட்டாருக்குக் காட்ட ஒரு படம், கல்யாணமானதும் ஜோடியாக ஒன்று, வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாளில் மாலையோடு குரூப் போட்டோ. இவர்களில் பலருக்கு வேறு எந்த ஆவணமும் கிடையாது. பிறப்புச் சான்றிதழ் இருக்காது, வீட்டுப் பத்திரம் இருக்காது, ஒரு கடிதம்கூட மிஞ்சியிருக்காது. ஸ்டுடியோ நெகட்டிவ் ஒன்றுதான் அவர்கள் இந்த ஊரில் வாழ்ந்ததற்குச் சாட்சி.

இனி கேமராவுக்கே வருகிறேன். மேசைமேல் ஒரு ஹாஃப் பிளேட் ஃபீல்டு கேமராவை வைத்துக்கொள்வோம். மடித்த நிலையில் கனமான சதுரப் பெட்டி. கொக்கியைத் தள்ளிப் பலகையை இறக்கினால், துருத்தி மடிப்பு மடிப்பாக முன்னே வருகிறது. பித்தளைத் தாங்கிகளை நிமிர்த்தித் திருகினால் முன்பலகை நிற்கிறது. அதில் லென்ஸ். பின்பக்கம் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எதிரே இருப்பவர் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிவார். பல் சக்கரத்தைத் திருகிக் கண் இமை துல்லியமாகத் தெரியும்வரை நகர்த்துவார்கள். பிறகு தேய்த்த கண்ணாடியை விலக்கி, பிளேட் இருக்கும் டார்க் ஸ்லைடைச் செருகி, அதன் மூடியை இழுத்துவிட்டு, லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு என்று எண்ணித் திரும்பப் போடுவார்கள். அந்த எண்ணிக்கையில்தான் தொழில் இருந்தது. ஜன்னலில் வரும் வெளிச்சத்தைப் பார்த்தே எத்தனை எண்ணுவது என்று சொல்லிவிடும் கண் அவர்களுக்கு.

இந்தப் பெட்டியை இன்னும் நெருங்கிப் பாருங்கள். அடிப்பலகையில் கத்தி நுனியால் கீறிய கோடுகள் தெரியும். லென்ஸ் பலகை எங்கே நின்றால் முழு உருவம், எங்கே நின்றால் மார்பளவு என்று ஸ்டுடியோக்காரர் தனக்காகப் போட்ட அடையாளங்கள் அவை. திருகின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். கட்டை விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அது. சில பெட்டிகளின் உள்பக்கம் பென்சிலால் பிள்ளையார் சுழி இருக்கும். டார்க் ஸ்லைடுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். நம்மில் சிலர் வாங்கிவந்ததும் முதல் வேலையாக இவற்றைத்தான் தேய்த்து அழிக்கிறோம். மரத்துக்குப் புது வார்னிஷ், பித்தளைக்குப் பளபளப்பு. செய்தபோது பித்தளைமேல் பூசிய லாக்கர் படலம் அந்தத் தேய்ப்பில் போய்விடுகிறது. அதன்பிறகு மும்பை மழைக்காலக் காற்றில் களிம்பு முன்னைவிட வேகமாகப் பிடிக்கிறது. தூசியை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, மரத்தை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். கீறலும் கறையும் பென்சில் எழுத்தும் அந்தப் பெட்டியின் வாழ்க்கைக் குறிப்புகள். அவற்றை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

நம் கூட்டத்தில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அதைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். பித்தளைத் தகட்டில் லண்டன் என்றோ பர்மிங்ஹாம் என்றோ இருந்தால் விலை ஏறுகிறது. லங்காஸ்டர், தார்ன்டன்-பிக்கார்டு, சாண்டர்சன் என்ற பெயர்களுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதை நியாயமானதே. வெப்ப நாடுகளுக்கென்று அவர்கள் செய்த டிராபிக்கல் மாடல்கள் உண்மையிலேயே அருமையான வேலைப்பாடு. ஈரக் காற்றில் பசை விட்டுப்போகும் என்று ஒவ்வொரு மூலையிலும் பித்தளைப் பட்டை வைத்துத் திருகினார்கள். முறுக்கிக்கொள்ளாத தேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பூச்சி அண்டாத ரஷ்யத் தோலில் சிவப்புத் துருத்தி தைத்தார்கள். சாண்டர்சன் கேமராவின் பிள்ளையார் சுழி ஒரு தச்சருடையது. கேம்பிரிட்ஜில் மரவேலையும் சிற்ப வேலையும் செய்த ஃபிரெடரிக் சாண்டர்சன், உயரமான கட்டடங்களை வளையாமல் படம்பிடிக்க ஏற்றவாறு முன்பலகையை அசைக்கும் அமைப்பை வடிவமைத்து 1895இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அதே கைத்திறன் நம் பக்கத்திலும் இருந்தது. கேரளத்தில் ஆலப்புழையில் 1940களில் உருவான வாகீஸ்வரி கேமராவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, உள்ளூர்ச் சரக்கு என்று நகர்ந்தும் இருப்பீர்கள். இசைக்கருவிகள் பழுதுபார்த்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் கருணாகரன். ஸ்டுடியோக்காரர் ஒருவர் தம் வெளிநாட்டுக் கேமராவின் பழுதான துருத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆர்மோனியத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி பெரிய வேலையா? அதைச் சரிசெய்யப் போன இடத்தில் கேமராவையே செய்யத் தொடங்கினார். தேக்கும் பித்தளையும் கொண்டு செய்த அந்தப் பெட்டிகள் தென்னிந்தியா முழுவதும் ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் நின்று உழைத்தன. சிறிய ஃபிலிம் கேமராக்களும் வண்ணப் படமும் வந்த பிறகு, 1980களில் அதன் காலம் முடிந்தது.

தமிழ்நாட்டில் நம் பெற்றோரின் கல்யாணப் படம் ஒரு சிறிய ஊர் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டிருந்தால், அதை எடுத்தது வாகீஸ்வரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தெற்கிலிருந்து இங்கே வந்து ஸ்டுடியோ வைத்தவர்களின் பரண்களிலும் இது கிடக்கிறது. பெயர்த்தகடு உடைந்து, துருத்தியில் ஓட்டை விழுந்து, ஸ்டாண்டு இல்லாமல் கிடக்கும். அதை எடுங்கள். லண்டன் பெயர் பொறித்த பெட்டிகள் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பாதுகாப்பாக இருக்கின்றன. வாகீஸ்வரியைக் காப்பாற்ற நம்மைவிட்டால் ஆளில்லை. தமிழரையும் மலையாளியையும் கன்னடரையும் நேருக்கு நேர் பார்த்த கண் அது. என் கணக்கில் அதுதான் நம் சேகரிப்பின் முதல் வரிசையில் நிற்க வேண்டிய கேமரா.

இப்போது பிளேட்டுக்கு வருகிறேன். இந்த மடலின் மையமே இதுதான்.

ஒரு கண்ணாடி நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கத்தில்தான் படம். சாய்த்துப் பிடித்தால் முகத்தின்மேல் நுண்ணிய பென்சில் கோடுகள் தெரியும். அது டச்சிங். அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பையும் கூராகச் சீவிய பென்சிலால் மணிக்கணக்கில் உட்கார்ந்து மாற்றியிருப்பார்கள். ஓரத்தில் ஒரு எண் கீறியிருக்கும். அந்த எண்ணைப் பதிவு நோட்டில் தேடினால் பெயர், தேதி, எத்தனை காப்பி, முன்பணம் எவ்வளவு என்று கிடைக்கும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் முகத்துக்குப் பெயர் இல்லை, பெயருக்கு முகம் இல்லை.

படம் எடுத்த பிளேட்டின் இயல்பு தெரிந்தவர்களுக்கு அதில் இன்னும் பல செய்திகள் படிக்கக் கிடைக்கும். பழைய பிளேட்டுகள் சிவப்பு ஒளியை உணராதவை. அதனால்தான் அவற்றைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கழுவ முடிந்தது. அதனாலேயே பழைய படங்களில் நெற்றிக் குங்குமம் கன்னங்கரேலென்று விழுந்திருக்கும். சிவப்புக் கூறைச் சேலை கறுப்பாகத் தெரியும், நீலச் சேலை வெளுத்துவிடும். படத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குக் கறுப்புச் சேலையா என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது இதை எடுத்துச் சொல்ல நம்மைப்போன்றவர்கள் வேண்டும். பின்னணித் திரையையும் கவனியுங்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு குடியிருந்தவர் மாளிகைத் தூணும் பூந்தோட்டமும் வரைந்த திரைக்கு முன்னே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் தன்னை எப்படிப் பார்க்க விரும்பினார் என்பதை அந்தத் திரை சொல்கிறது. திரை கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இப்படிப்பட்ட பிளேட்டுகளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். சுடுநீரில் ஊறவைத்துப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சாமி படத்துக்குச் சட்டம் போடப் பயன்படுத்தினார்கள். ஃபிலிம் நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைபோட்டு விற்றார்கள். இடம் இல்லாதவர்கள், வாடகை கட்ட முடியாதவர்கள் செய்த வேலை அது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்க முடிந்த நாம் பக்கத்தில் இருந்த பிளேட் பெட்டியைப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று சொன்னால், அந்தக் குறை நம்மைத்தான் சேரும்.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்முன்னே எடுத்துக்காட்டுகள் உண்டு. பலார்டு எஸ்டேட்டில் 1928இல் விக்டர் சாசூன் தொடங்கிய ஹாமில்டன் ஸ்டுடியோ, பெரிய மரக் கேமராவையும் தன் நெகட்டிவ்களையும் ஒரே இடத்தில் வைத்துக் காத்துவந்தது. அங்கே போனவர்களுக்கு ஒரு நகரத்தின் முகவரிசையே கிடைத்தது. கல்கத்தாவின் போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டுடியோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1991 தீவிபத்தில் அதன் களஞ்சியத்தில் பெரும்பகுதி அழிந்தது, 2016இல் கடையும் மூடப்பட்டது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைத் தேடிப் பதிவுசெய்யும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அவர்கள் ஊர் ஊராகப் போனது தமிழ்நாட்டில். மும்பைத் தமிழ் ஸ்டுடியோக்களின் வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம்தான். கேமராக்களின் எண்ணிக்கையில் இந்த ஊர் ஏற்கெனவே உலகச் சாதனை கண்டுவிட்டது. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக்கின் 4,425 கேமராக்கள் கின்னஸ் பதிவில் இடம்பெற்றன. குருகிராமில் ஆதித்ய ஆர்யாவின் முயற்சியில் 2019இல் கேமரா அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. எண்ணிக்கையில் நாம் யாரோடும் போட்டியிட வேண்டியதில்லை. நமக்கென்று விட்டுவைக்கப்பட்ட வேலை, ஒரு சிறு சமூகத்தின் கேமராவையும் படத்தையும் பெயரையும் ஒன்றாகக் காப்பது.

ஆகவே என் வேண்டுகோள்களை வரிசையாக வைக்கிறேன்.

முதலாவது, விலை பேசுவதற்கு முன் கேளுங்கள். யார் இதை வைத்திருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், கடை எங்கே இருந்தது, எந்த ஆண்டு வரை இதில் படம் எடுத்தார், உதவியாளர் யார், டச்சிங் யார் செய்தது. பெரியவர் இருந்தால் அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். கேமராவைப் பிரித்து எடுப்பதற்கு முன், அது இருந்த இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். எழுதிய குறிப்பை ஓர் உறையில் போட்டுக் கேமராவோடு கட்டுங்கள். நம் காலத்துக்குப் பிறகு இந்தப் பெட்டி இன்னொருவர் கைக்குப் போகும்போது அந்த உறையும் போக வேண்டும்.

இரண்டாவது, பிளேட்டையும் பதிவு நோட்டையும் சேர்த்துக் கேளுங்கள். விற்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அங்கேயே நல்லபடி வைக்க உதவுங்கள். பிளேட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளவை நொறுங்கும். நீளமான விளிம்பு கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்; ஜெலட்டின் ஊறி உரிந்துவிடும். பூஞ்சைக்கு ஜெலட்டின்தான் உணவு. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். வெள்ளை வெளிச்சம் காட்டும் டேப்லெட் திரைக்கு மேலே, தொடாமல், பிளேட்டைத் தாங்கி வைத்துப் போனிலேயே ஒரு படம் எடுத்துவிடலாம். பிளேட் உடைந்தாலும் முகமாவது மிஞ்சும்.

மூன்றாவது, போலிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்து, அமிலம் பூசிப் பழசாக்கிய பெட்டிகள் சந்தையில் நிறைய வருகின்றன. டார்க் ஸ்லைடு நுழையும் பள்ளம் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். தேய்த்த கண்ணாடி விலகுகிறதா, துருத்தி இருட்டைக் காக்கிறதா, லென்ஸில் உண்மையான கண்ணாடி அமைப்பும் தயாரிப்பு எண்ணும் உண்டா என்று பாருங்கள். துருத்திக்குச் சோதனை எளிது. இருட்டறையில் உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்தால் ஓட்டைகள் நட்சத்திரம்போலத் தெரியும்.

நான்காவது, சட்டத்தை மதியுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த கைவினை, அறிவியல் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1890களின் கேமராவை வெளிநாட்டு வாங்குபவருக்குப் பார்சல் கட்டுவது குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் கேமரா தன் படங்களிலிருந்து கடல் கடந்து பிரிந்துபோவது.

ஐந்தாவது, பிளேட்டில் இருப்பவர்களை மறக்காதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில் இருக்கிறார்கள். பெண் பார்க்க எடுத்த படம், இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வீட்டில் எடுத்த கடைசிப் படம் போன்றவை பிறர் பார்வைக்கென்று எடுத்தவை அல்ல. குடும்பத்தைத் தேடிக் கேட்காமல் காட்சிக்கு வைக்காதீர்கள், விற்காதீர்கள். தேடிக் கண்டுபிடித்தால் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். தாத்தாவின் முகத்தையே பார்த்திராத வீடுகள் தாராவியில் எத்தனையோ உண்டு. ஒரு பிரதி அங்கே போய்ச் சேர்வதைவிடப் பெரிய பயன் நம் சேகரிப்புக்கு வேறு எது?

கடைசியாக, நாம் சேர்ந்து ஒரே பதிவேடு தொடங்குவோம். யாரிடம் எந்தக் கேமரா, எந்த ஸ்டுடியோவிலிருந்து வந்தது, கூட எத்தனை பிளேட்டுகள் என்ற மூன்று விவரமே தொடக்கத்துக்குப் போதும். மாட்டுங்காவில் தமிழர் நடத்தும் சபாக்களும் பள்ளிகளும் இருக்கின்றன, சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, செம்பூரில் கலை அமைப்பு இருக்கிறது. ஒரு கூடத்தைக் கேட்டு ஆண்டுக்கொரு முறை கண்காட்சி வைப்போம். தாராவியிலும் ஒரு பள்ளிக்கூடத்தில் வைப்போம். படங்களைப் பார்க்க வருபவர்களே அவற்றில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். நம் வீடுகளில் இடம் போதாத நாளில், பிளேட்டுகளையும் நோட்டுகளையும் பைகுல்லா அருங்காட்சியகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களிடம் பேசிப் பார்ப்போம். தனிமனிதர் சேகரிப்பு அவர் காலத்தோடு சிதறிவிடும். பதிவேடு இருந்தால் சிதறினாலும் தேடிச் சேர்க்க வழி இருக்கும்.

தாராவியில் வீடு காலிசெய்யும் நாளுக்குக் காத்திருக்கும் ஸ்டுடியோக் குடும்பங்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள். கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன், பிளேட் பெட்டி எங்கே என்று கேளுங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து உங்கள் சக சேகரிப்பாளர்